வெல்டிங் ரோபோவில் திரும்பத் திரும்ப வந்த லோ வோல்டேஜ் அலாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

சூழல்

ஒரகடம் பகுதியில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. காரின் அடித்தளச் சட்டங்களுக்கு ஸ்பாட் வெல்டிங் போடும் ஒரு லைனில் நான்கு ரோபோக்கள் இருக்கின்றன. நான்கும் ஆறு அச்சு கொண்டவை, 165 கிலோ வரை தூக்கக்கூடியவை. வெல்டிங் கன்னைப் பிடித்தபடி, பாகத்தைப் பிடித்து வைக்கும், எதிரெதிரே உள்ள இரண்டு ஃபிக்சர்களுக்கு நடுவே சுழன்று சுழன்று வேலை செய்கின்றன. முதல் இரண்டும் லைன் போட்டபோதே வந்தவை. மூன்றாவதும் நான்காவதும் உற்பத்தி கூடிய பிறகு தனித்தனியாக வாங்கியவை. பிரச்சினை மூன்றாவது ரோபோவில். அதன் காரணத்தைத் தேடத்தான் வெளியிலிருந்து எங்களை அழைத்தார்கள்.

மின்சாரம் வரும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஈபியிலிருந்து 11 கேவி வருகிறது. தொழிற்சாலையின் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் அதை 433 வோல்ட்டாக இறக்குகிறது. மெயின் பேனல், அப்புறம் லைனின் டிபி, அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. டிபியில் ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு எம்சிசிபி (பெரிய பிரேக்கர்). மூன்றாவது ரோபோவுக்கு அங்கிருந்து சுமார் 40 மீட்டர் நீளத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் அலுமினிய ஆர்மர்டு கேபிள் போகிறது. ரோபோ வேலை செய்யும் இடமான செல்லுக்கு வெளியே தூணில், மின்சாரத்தைக் கையால் துண்டிக்கும் ஓர் ஐசொலேட்டர் பெட்டி. அதற்குப் பிறகு சிறிய காப்பர் கேபிள், ரோபோவை இயக்கும் கன்ட்ரோலர். வெல்டிங் கன்களுக்கு இதில் சம்பந்தமில்லை. அவற்றுக்குத் தனி மின்வழி (பஸ் டக்ட்) இருக்கிறது.

கன்ட்ரோலருக்குள் ஒரு த்ரீ ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர் 415 வோல்ட்டை 210 ஆக்குகிறது. ரெக்டிஃபையர் அதை டிசி ஆக்கிப் பெரிய கப்பாசிட்டர்களில் சேர்த்து வைக்கிறது. இதுதான் டிசி லிங்க். ரோபோ சும்மா நிற்கும்போது 210 வோல்ட்டின் உச்சமதிப்பு, அதாவது ஏறக்குறைய 297 வோல்ட், இதில் நிற்க வேண்டும். ஆறு மோட்டார்களும் ஆம்ப்ளிஃபையர் வழியாக இதிலிருந்துதான் கரண்ட் எடுக்கின்றன. இந்த ஆம்ப்ளிஃபையரில் டிசி லிங்க் 200 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் அலாரம் வந்து, பிரேக் விழுந்து ரோபோ நின்றுவிடும்.

அலாரம் வந்த விதம்

முதலில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்தது. கன்ட்ரோலரை ஆஃப் செய்து ஆன் செய்தால் போய்விடும். ஆபரேட்டர்கள் அதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். நாலைந்து வாரத்தில் தினமும் வரத் தொடங்கி, பிறகு ஒரே ஷிஃப்டில் பலமுறை வந்தது. ரோபோ பாதி வழியில் நிற்கும்போது வெல்டிங் பாதியில் விட்ட பாகத்தை ஸ்கிராப்பில் போட வேண்டும். ரோபோவைக் கையால் ஓட்டி வெளியே எடுக்க வேண்டும். லைனே அதற்காகக் காத்திருக்கும்.

பெரும்பாலான அலாரம் மதியத்துக்குப் பிறகு, இரண்டாவது ஷிஃப்டில் வந்தது. இந்த ஒரு விஷயம் எல்லோரையும் வெகுநாள் தவறான திசையில் இழுத்துப்போனது. சாயங்காலம் ஊரெல்லாம் லோடு ஏறும், ஈபி வோல்டேஜ் இறங்கும், ரோபோ நிற்கும் என்று ஒரு விளக்கம் தானாகவே உருவாகிவிட்டது. கேட்க நியாயமாக இருந்ததால் யாரும் அதை அளந்து பார்க்கவில்லை.

எங்களை அழைப்பதற்கு முன் நடந்தவை

மெயின்டனன்ஸ் குழு சும்மா இருக்கவில்லை. மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவர் ஐசொலேட்டரிலும் கன்ட்ரோலர் டெர்மினலிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்று ஃபேஸுக்கும் இடையே 412, 414, 411. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆக வெளியிலிருந்து வரும் மின்சாரம் சரி, பழுது ஆம்ப்ளிஃபையரில்தான் என்று முடிவானது.

ஸ்பேர் ஆம்ப்ளிஃபையரை மாட்டினார்கள். நான்கு நாள் அலாரமே இல்லை. பழைய ஆம்ப்ளிஃபையரை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தபோது ஐந்தாம் நாள் அதே அலாரம் திரும்பியது. அடுத்து 24 வோல்ட் பவர் சப்ளையை மாற்றினார்கள். பலனில்லை. கடைசியாக, செல்லுக்கு ஒரு சர்வோ ஸ்டெபிலைசர் வாங்க விலைப்புள்ளி கேட்கும் நிலைக்கு வந்தபோது எங்களைக் கூப்பிட்டார்கள்.

முதல் சந்திப்பில் அந்த மூத்த எலக்ட்ரீஷியன் கேட்டது நினைவிருக்கிறது. “சார், மீட்டர்ல 414 காட்டுது. இதுக்கு மேல என்ன வோல்டேஜ் வேணும்?” நேர்மையான கேள்வி. அவர் எடுத்த அளவும் தப்பில்லை. ஆனால் அது ரோபோ அசையாமல் நின்றபோது எடுத்தது. குழாயை மூடி வைத்திருக்கும்போது, பைப்பில் பாதி அடைத்திருந்தாலும் பிரஷர் மீட்டர் முழு அழுத்தத்தைத்தான் காட்டும். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் இல்லை என்றே சொல்லும் அளவுக்குச் சிறியது. ஆகவே வழியில் ஓரிரு ஓம் தடை இருந்தாலும் அதற்குத் தெரியாது. ஒரு ஃபேஸ் முழுதாக அறுந்துபோனால்கூட மீட்டர் பூஜ்யம் காட்டுவதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்று வழியாக மற்ற இரண்டு ஃபேஸ் பின்பக்கமாக வந்து ஏதோ ஒரு வோல்டேஜைக் காட்டும்.

எந்த வோல்டேஜ் குறைகிறது?

லோ வோல்டேஜ் என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் கன்ட்ரோலரில் இரண்டு வேறு பழுதுகள் அந்தப் பெயரில் உண்டு. ஒன்று கன்ட்ரோல் சப்ளை, அதாவது ஆம்ப்ளிஃபையர் போர்டுக்குப் போகும் 24 வோல்ட், 5 வோல்ட் போன்றவை குறைவது. இதற்குக் காரணம் பவர் சப்ளை யூனிட், ஃபியூஸ், போர்டு கனெக்டர், சில சமயம் 24 வோல்ட்டை ஷார்ட் செய்யும் ஒரு சென்சார் கேபிள். மற்றது மெயின் டிசி லிங்க் குறைவது. அதற்குக் காரணத்தை வரும் மின்சாரம், மெயின் பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர், கான்டாக்டர், ரெக்டிஃபையர், கப்பாசிட்டர் என்ற வரிசையில் தேட வேண்டும். இரண்டுக்கும் அலாரம் எண் வேறு. அலாரம் ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்தோம். எல்லாமே இரண்டாவது வகை. ஒன்றுகூட கன்ட்ரோல் சப்ளை அலாரம் இல்லை. 24 வோல்ட் யூனிட்டை மாற்றியிருக்கவே வேண்டாம்.

ஹிஸ்டரியில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு அலாரத்தோடும் அப்போது ஓடிய புரோகிராமின் பெயரும் வரி எண்ணும் பதிவாகியிருந்தன. ஏறக்குறைய எல்லாம் ஒரே புரோகிராம், அதிலும் அடுத்தடுத்த சில வரிகள். ஒரு ஃபிக்சரை முடித்துவிட்டு, ரோபோ கையை உயர்த்திக்கொண்டே முதல் அச்சில் நீளச் சுழன்று எதிர் ஃபிக்சருக்குப் போகும் இடம் அது. இரண்டு பெரிய மோட்டார்களும் ஒரே நேரத்தில் வேகமெடுக்கின்றன. அந்தப் புரோகிராம் நீளமான மாடலுக்கானது. அதற்கான பிரஸ் பாகங்கள் மதியம்தான் வந்து சேரும் என்பதால் அந்த மாடல் எப்போதும் இரண்டாவது ஷிஃப்டில் ஓடியது. சாயங்காலக் கணக்கு அத்தோடு தீர்ந்தது.

ரோபோவின் வேகத்தை 60 சதவீதமாகக் குறைத்து ஒரு ஷிஃப்ட் ஓட்டிப் பார்த்தோம். அலாரம் வரவில்லை. கப்பாசிட்டர் பலவீனமாக இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், சப்ளையில் தடை இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஆகவே இதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் லோடோடு சேர்ந்து வரும் பழுது என்பது உறுதியானது.

உற்பத்திப் பிரிவுத் தலைவர் உடனே, “சரி, அப்படியே 60ல ஓட்டிக்கலாமே” என்றார். சைக்கிள் டைம் கூடினாலும் லைன் நிற்காதே என்பது அவர் கவலை. நாங்கள் ஒரு ஷிஃப்ட் மட்டும் முழு வேகத்தில் கேட்டோம். பழுது வரும்போதுதான் அதைப் பிடிக்க முடியும். ஸ்கிராப் ஆகும் பாகங்களை ஏற்றுக்கொண்டு அவர் சம்மதித்தது இந்த வேலையின் திருப்புமுனை என்று சொல்வேன்.

பதிவுக் கருவி காட்டியது

சாதாரண மல்டிமீட்டர் நொடிக்கு மூன்று நான்கு முறைதான் எண்ணை மாற்றுகிறது. ரோபோ வேகமெடுப்பதோ நொடியில் கால்பங்கு. ஆகவே அரை சைக்கிளுக்கு ஒருமுறை, அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, வோல்டேஜின் பயனுறு மதிப்பைக் (ஆர்எம்எஸ்) கணக்கிட்டுக் குறைந்த மதிப்பைப் பிடித்து வைக்கும் பவர் குவாலிட்டி பதிவுக் கருவியைக் கன்ட்ரோலரின் உள்வரும் டெர்மினலில் மாட்டினோம். மூன்று வோல்டேஜ், மூன்று கரண்ட். டிசி லிங்க்கில் டிஃபரென்ஷியல் ப்ரோப் வழியாக, வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்.

மாட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். டிபியில் எம்சிசிபியை ஆஃப் செய்து பூட்டுப் போட்டோம். மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, டிசி லிங்க் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கிளிப்புகளைப் பொருத்தினோம். வயர்களை உபரி கிளாண்ட் ஓட்டை வழியாக வெளியே எடுத்துக் கதவை மூடிவிட்டுத்தான் மின்சாரம் கொடுத்தோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓடும் ரோபோவின் 300 வோல்ட் டிசியில் கையால் ப்ரோப் பிடிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கப்பாசிட்டரில் நிற்கும் அந்த டிசி ஆளைக் கொல்லப் போதும். எந்தப் பிரேக்டவுனும் அதற்கு ஈடாகாது.

முழு வேகத்தில் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் அலாரம் வந்தது. பதிவில் தெரிந்தது இது:

ரோபோ வேகமெடுக்கும்போது லைன் கரண்ட் 5 ஆம்பியரிலிருந்து 22 வரை ஏறுகிறது. அதே கணத்தில் (மூன்று ஃபேஸ்களையும் ஆர், ஒய், பி என்பார்கள்) ஆர்–ஒய் வோல்டேஜ் 371க்கும் ஒய்–பி 368க்கும் இறங்குகின்றன. பி–ஆர் மட்டும் 410ஐ விட்டு அசையவில்லை. எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு இதிலேயே விடை இருக்கிறது. இறங்கிய இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒய். இறங்காத ஒன்றில் ஒய் இல்லை. ஆக ஒய் ஃபேஸின் வழியில் எங்கோ ஒரு தடை.

ஈபியின் பங்கும் இங்கேயே விலகியது. வெளியிலிருந்து வோல்டேஜ் இறங்கினால் முதலில் வோல்டேஜ் விழும், கரண்ட் அதோடு ஏறாது. சொல்லப்போனால் ரெக்டிஃபையர் அந்தக் கணத்தில் கரண்ட் எடுப்பதைக் குறைக்கும். இங்கே கரண்ட் ஏற ஏறத்தான் வோல்டேஜ் இறங்கியது. தன் லோடு தன் வழியில் உள்ள தடையில் உண்டாக்கிய வீழ்ச்சி.

டிசி லிங்க்கிலும் அதே கதை. நல்ல சுழற்சிகளில் டிசியின் மேல் ஏறி இறங்கும் சிற்றலை 300 ஹெர்ட்ஸாக இருந்தது. 50 ஹெர்ட்ஸ் த்ரீ ஃபேஸை ரெக்டிஃபை செய்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். அலாரம் வந்த சுழற்சியில் அது 100 ஹெர்ட்ஸாக மாறி, பள்ளங்கள் 200க்குக் கீழே போயின. 100 ஹெர்ட்ஸ் என்றால் கப்பாசிட்டருக்கு ஒரு சிங்கிள் ஃபேஸ்தான் தீனி போடுகிறது. கப்பாசிட்டர் வயதாகியிருந்தால் சிற்றலையின் உயரம் கூடியிருக்கும், எண்ணிக்கை 300 ஆகவே இருந்திருக்கும். ரோபோ நிற்கும்போது கரண்ட் குறைவு என்பதால் இரண்டு ஃபேஸே டிசி லிங்க்கை நிரப்பி வைக்கப் போதுமானது. அதனால்தான் ஆன் செய்தவுடன் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிந்தது.

இடத்தைத் தேடியது

இரண்டாவது பதிவுக் கருவியை டிபியில், எம்சிசிபியின் வெளிப்பக்கத்தில் மாட்டினோம். அங்கே மூன்று ஃபேஸும் ஒன்றாக 3, 4 வோல்ட் இறங்கின. அவ்வளவுதான். ஆக எம்சிசிபிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே.

கேபிளே காரணமா? 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்தின் தடை கிலோமீட்டருக்கு 1.91 ஓம். 40 மீட்டருக்கு 0.08 ஓமுக்குக் கொஞ்சம் குறைவு. 22 ஆம்பியருக்கு ஒரு கம்பியில் 1.7 வோல்ட்தான் போகும். ஒய் ஃபேஸில் நாங்கள் பார்த்த வீழ்ச்சிக்கு இரண்டு ஓமுக்கு மேல் தடை வேண்டும். அதைக் கேபிளின் நீளம் தராது. ஏதோ ஓர் இணைப்புதான் தரும். அந்த வழியில் இருக்கும் இணைப்புகள் கொஞ்சம்தான்: டிபி முனை, ஐசொலேட்டரின் இரு பக்கம், ஐசொலேட்டர் கத்திகள் (தொடர்பைச் சேர்க்கும் உலோகப் பட்டைகள்), கன்ட்ரோலரின் மெயின் பிரேக்கர்.

மெயின்டனன்ஸ் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. ஆம்ப்ளிஃபையர் மாற்றிய அதே நாள் ஐசொலேட்டர் பெட்டியைத் திறந்து எல்லா போல்ட்டுகளையும் இறுக்கியிருக்கிறார்கள். நான்கு நாள் நிம்மதிக்கு ஆம்ப்ளிஃபையர் காரணமா, இறுக்கியது காரணமா? ஒரே நாளில் இரண்டு வேலை செய்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

லக்

டிபியில் பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்துவிட்டு ஐசொலேட்டரைத் திறந்தோம். போல்ட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. டார்க் ரென்ச் வைத்தும் நகரவில்லை. இறுக்கத்தைக் காட்டும் பெயின்ட் கோடும் நேராக இருந்தது. இளம் மெயின்டனன்ஸ் இன்ஜினியர், “அண்ணே, இந்த மஞ்சள் ஸ்லீவைப் பாருங்க” என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். ஒய் ஃபேஸ் லக்கின், அதாவது கேபிள் முனையில் அமுக்கிப் பொருத்தி போல்ட்டில் மாட்டும் உலோகக் குழலின், மேல் போட்டிருந்த மஞ்சள் பிவிசி ஸ்லீவ், கேபிள் நுழையும் பக்கம் காக்கி நிறத்துக்கு மாறி, ஓரம் சுருங்கி விறைத்திருந்தது. சிவப்பும் நீலமும் விரலால் அமுக்கினால் அமுங்கின. இது அமுங்கவில்லை.

அதற்கு மேல் லக்கைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஏற்கெனவே ஒருமுறை ஆட்டியதால்தான் பழுது நான்கு நாள் ஒளிந்துகொண்டது. ஆட்டி, அது மறுபடி ஒளிந்தால் காரணம் இதுதான் என்பதற்கு நிரூபணம் இல்லாமல் போகும். ஆகவே கேபிளின் இன்சுலேஷனை லக்கிலிருந்து ஒரு விரல் தள்ளிச் சிறிதாகக் கீறி, அலுமினிய இழையில் ஒரு கிளிப், ஐசொலேட்டர் போல்ட்டில் ஒரு கிளிப். மூன்று ஃபேஸிலும் இதே மாதிரி. வயர்களை வெளியே எடுத்துக் கதவை மூடி, ரோபோவை அந்தக் குறிப்பிட்ட வரிகளில் மட்டும் ஓட்டினோம்.

ஆர், பி இரண்டிலும் 10 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. ஒய்யில் சில சுழற்சி அரை வோல்ட், சில சுழற்சி 5 வோல்ட், ஒருமுறை 30க்கு மேல் போய் டிசி லிங்க் அலாரம் வந்தது. லக்குக்கும் போல்ட்டுக்கும் நடுவே அளந்தபோது ஒய்யிலும் சில மில்லிவோல்ட்தான். போல்ட் நன்றாகவே இருந்தது. லக்கின் குழலுக்குள், கம்பியை அமுக்கிப் பிடிக்கும் கிரிம்ப்பில்தான் பழுது. எத்தனை முறை போல்ட்டை இறுக்கினாலும் அது சரியாகாது. போல்ட்டிலிருந்து போல்ட்டுக்கு மட்டும் அளக்கும் வழக்கமான சோதனையிலும் அது அகப்படாது.

கழற்றிப் பார்த்தபோது காரணம் வெளிப்படையாகத் தெரிந்தது. 16 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு 25 சதுர மில்லிமீட்டர் லக் போட்டிருந்தார்கள். அறுகோண டையில் (கிரிம்ப் கருவியின் அச்சு) அமுக்குவதற்குப் பதில் ஏதோ ஒன்றால் தட்டையாக நசுக்கியிருந்தார்கள். விரலால் இழுத்ததும் இழைகள் கையோடு வந்தன. வெளி இழைகள் கருத்து, மேலே சாம்பல் நிறப் பொடி. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும், அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தம் சரியாக இருந்தால் அமுக்கும்போதே படலம் உடைந்து உலோகத்தோடு உலோகம் பதியும். இல்லையென்றால் சூடாகும், விரியும், குளிர்ந்தால் சுருங்கும், ஒவ்வொரு முறையும் பிடி இன்னும் கொஞ்சம் தளரும். பல வாரங்களில் அலாரம் மெதுவாக அடிக்கடி வரத் தொடங்கியதற்கு இதுவே விளக்கம்.

நிறுத்துவதா, ஞாயிறு வரை ஓட்டுவதா

பழுதைக் கண்டுபிடித்தது வெள்ளிக்கிழமை மாலை. ஞாயிறு லைன் எப்படியும் நிற்கும், அதுவரை 60 சதவீத வேகத்தில் ஓட்டலாம் என்று உற்பத்திப் பிரிவு கேட்டது. ஒப்புக்கொள்ளவில்லை. இது ரோபோ நிற்கும் பிரச்சினை மட்டுமாக இருந்தால் ஒப்புக்கொண்டிருப்போம். ஸ்லீவ் கருகத் தொடங்கியிருந்தது. 5 ஆம்பியரில்கூட இரண்டு ஓம் தடை 50 வாட் வெப்பம் தரும். அவ்வளவும் ஒரு கட்டைவிரல் அளவு லக்குக்குள். மூடிய பெட்டியில், மேலே கேபிள் ட்ரேயில் லைனின் மற்ற எல்லாக் கேபிள்களும் போகும் இடத்தில், அதை இரண்டு நாள் விட்டு வைக்கும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. லைனை அப்போதே நிறுத்தி வேலையை ஆரம்பித்தோம்.

ஐசொலேட்டருக்குக் கீழே கேபிளில் ஒரு சுற்று உபரி விட்டிருந்தார்கள். அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். கருத்த பகுதியை வெட்டி, பளபளப்பான உலோகம் தெரியும்வரை பின்வாங்கினோம். இழைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஜாயின்ட் காம்பவுண்டு தடவி, ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் காப்பரும் உள்ள 16 சதுர மில்லிமீட்டர் பைமெட்டாலிக் லக்கைப் போட்டு அறுகோண டையில் அமுக்கினோம். ஐசொலேட்டர் போல்ட் காப்பர் பக்கம் என்பதால் பைமெட்டாலிக் தேவை. வெறும் அலுமினிய லக்கைக் காப்பரோடு சேர்த்தால் ஈரப்பதத்தில் அரிப்பு வரும். ஒய் மட்டுமல்ல, மூன்று ஃபேஸும் நியூட்ரலும் புதிதாகச் செய்தோம். அளந்தபோது மூன்றிலும் சில மில்லிவோல்ட், மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அன்றிரவே முழு வேகத்தில் ஓடியது.

டேப்

இத்தோடு முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒரு எண் ஒட்டவில்லை. பழுது சரியான பிறகும் இந்த ரோபோ சும்மா நிற்கும்போது டிசி லிங்க் 279 வோல்ட்தான் காட்டியது. பக்கத்து ரோபோக்களின் டீச் பென்டன்டில் (கையில் பிடித்து ரோபோவை ஓட்டும் திரை) 295, 296. உள்ளே வரும் மின்சாரம் நான்கிலும் ஒன்றுதான்.

கன்ட்ரோலர் டிரான்ஸ்ஃபார்மரின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்வரும் வயர்கள் 440 வோல்ட் டேப்பில் (வரும் வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் இணைப்பு முனை) இருந்தன. மற்ற ரோபோக்களில் 415 டேப். பெட்டியிலிருந்து இறங்கியபோது எந்த டேப்பில் இருந்ததோ அப்படியே இணைத்திருக்கிறார்கள். 440 டேப்பில் 415 கொடுத்தால் வெளியே 210க்குப் பதில் 198 வோல்ட்தான் வரும், உச்சம் 280. கணக்கு அளவோடு பொருந்தியது. அதாவது இந்த ரோபோ தினமும் 17 வோல்ட் குறைவான இருப்போடுதான் வேலையைத் தொடங்கியது. தனியாக இது அலாரத்தைத் தராது. லக் தளர்ந்தபோது விழுவதற்கு இருந்த தூரத்தை இது குறைத்து வைத்திருந்தது.

டேப்பை உடனே மாற்றவில்லை. சப்ளை கூடும்போது டிசி லிங்க்கும் கூடும். ரோபோ பிரேக் போடும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் சக்தியும் அதில்தான் ஏறும், அங்கே ஓவர் வோல்டேஜ் அலாரம் காத்திருக்கும். ஒரு வாரம் பதிவுக் கருவியை விட்டு வைத்தோம். லோடே இல்லாத ஞாயிறு விடியற்காலை 431 வோல்ட் வரை ஏறியது, வேலை நேரத்தில் 405க்குக் கீழே இறங்கவில்லை. 415ஐச் சுற்றி நாலைந்து சதவீதம். கன்ட்ரோலர் பொறுக்கும் எல்லைக்குள் இருந்ததால் அடுத்த ஞாயிறு 415 டேப்புக்கு மாற்றினோம்.

அதற்குப் பின்

அந்த ரோபோவில் இரண்டு மாதக் கண்காணிப்பில் டிசி லிங்க் அலாரம் ஒருமுறைகூட வரவில்லை. முழு வேகத்தில், அதே நீண்ட சுழற்சியில், டிசி லிங்க் 270க்கு மேல் நிற்கிறது.

ரிப்பேருக்குப் போன ஆம்ப்ளிஃபையர் பழுது எதுவும் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தது. ஒரு ஷிஃப்ட் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்பேராக வைத்தார்கள். ஸ்டெபிலைசர் வாங்கும் திட்டம் கைவிடப்பட்டது. மோட்டாரால் இயங்கும் சர்வோ ஸ்டெபிலைசர் மெதுவாக மாறும் வோல்டேஜைத்தான் சரிசெய்யும். கால் நொடியில் வந்து போகும் வீழ்ச்சிக்கு அது கண் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதையும் டிபி பக்கத்தில் வைத்திருந்தால், பழுது அதற்கு அடுத்துதான் இருந்தது.

நான்காவது ரோபோவின் ஐசொலேட்டரையும் திறந்தோம், இரண்டுக்கும் கேபிள் போட்டது ஒரே ஆட்கள் என்று தெரிந்ததால். அங்கேயும் அதே 25 சதுர மில்லிமீட்டர் லக், அதே தட்டை நசுக்கல். ஆர் ஃபேஸ் ஸ்லீவ் இலேசாக நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அலாரம் இன்னும் வரவில்லை. எல்லா லக்கையும் மாற்றினோம். முதல் இரண்டு ரோபோக்களுக்கும் காப்பர் கேபிள், கிரிம்ப்புகள் ஒழுங்காக இருந்தன.

மாற்றியவை

கன்ட்ரோலரை ஆஃப் செய்வதற்கு முன் அலாரம் எண், புரோகிராம், வரி மூன்றையும் ஆபரேட்டர் எழுதி வைக்க வேண்டும் என்பது இப்போது லைனில் விதி. இந்த விவரம் முதல் வாரமே மேசைக்கு வந்திருந்தால் ஈபி விளக்கம் அத்தனை நாள் நின்றிருக்காது.

மாதந்தோறும் செய்யும் பராமரிப்பில் போல்ட் இறுக்கத்துக்கு ஒரு டிக் போடுவதோடு, ஒவ்வொரு ரோபோவின் டிசி லிங்க் அளவையும், நிற்கும்போது ஒன்று, நீண்ட சுழற்சியில் ஒன்று என்று எழுதுகிறார்கள். நான்கு ரோபோக்களின் எண்களை ஒரே பக்கத்தில் வைப்பதில்தான் பயன். 279 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் தப்பாகத் தெரியாது. 296க்குப் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

தெர்மல் கேமரா சோதனை ஏற்கெனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடந்துகொண்டுதான் இருந்தது. காலை ஷிஃப்டில், குறுகிய மாடல் ஓடும்போது, மூடிய கதவின் மேல் கேமராவைக் காட்டிவிட்டுப் போனார்கள். இனி நீண்ட மாடல் குறைந்தது ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, முறையான பெர்மிட்டோடு கதவைத் திறந்து, லக்கின் குழல் பகுதி தெரியும்படி படம் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியாயிற்று.

புதிய கேபிள் வேலைக்கு லக் அளவு, டை எண், கிரிம்ப் செய்தவர் பெயர் மூன்றும் உள்ள ஒரு தாள் வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முன் ஒவ்வொரு முனைக்கும் மைக்ரோ ஓம் மீட்டர் அளவு. ரோபோ புதிதாக இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் டேப்பைப் படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். ஒரு பழுதுக்கு ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யக் கூடாது. அவசரத்தில் செய்ய நேர்ந்தால் இரண்டையும் பதிவேட்டில் அடுத்தடுத்த வரியில் எழுத வேண்டும்.

எங்கள் பக்கம், லோ வோல்டேஜ் என்று அழைப்பு வந்தால் இரண்டு பதிவுக் கருவிகளை எடுத்துப்போய் முதல் நாளே டிபியிலும் கன்ட்ரோலரிலும் ஒரே நேரத்தில் மாட்டுகிறோம். இரண்டின் கடிகாரத்தையும் முன்கூட்டியே ஒன்றாக வைத்துவிட்டால் வெளியே, வழியில், உள்ளே என்ற மூன்று சாத்தியத்தில் எது என்று ஒரே ஷிஃப்டில் பிரித்துவிடலாம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மூன்றாவது, நான்காவது ரோபோக்களின் கேபிள்கள் டிபியில் முடியும் இடத்திலும் அதே ஆட்கள் செய்த கிரிம்ப்புகள்தான். அவற்றில் அளந்த வீழ்ச்சி இப்போதைக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் முழு டிபியையும் ஆஃப் செய்ய வேண்டும். ஆயுத பூஜை விடுமுறையில் அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை அந்த ஆறு முனைகளிலும் வாரத்துக்கு ஒருமுறை, நீண்ட மாடல் ஓடும்போது, மில்லிவோல்ட் அளந்து எழுதி வைக்கிறார் அந்த மூத்த எலக்ட்ரீஷியன்.